ரீசெட் பட்டனும் செட்டர் வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "சொன்னதை மட்டும் செய்யாதீர்கள், தானாக முன்வந்து பிரச்சினையைத் தீருங்கள், உயர்வு தேடி வரும்" என்ற அறிவுரை வேலைவாய்ப்புப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதைப் படிக்கிற ஐ.டி.ஐ. பையனோ டிப்ளமோ முடித்த பெண்ணோ மறுநாள் பட்டறைக்குப் போய் எதை முன்வந்து செய்வது, எதைத் தொடவே கூடாது என்பது அதில் இருப்பதில்லை. கோவையில் கணபதி, சின்னவேடம்பட்டி, அரசூர், குறிச்சி சிட்கோ என்று ஜாப் ஆர்டர் எடுத்து ஓடும் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) பட்டறைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஒரே நாளில் ஆபரேட்டராகச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் மூன்றே வருஷத்தில் செட்டர், அதாவது மெஷினை அந்தந்த வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவர், ஆகிறார். இன்னொருவர் எட்டு வருஷமாக ஜாப் (கடைய வேண்டிய பொருள்) மாட்டிக் கழற்றிக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேர் கையும் ஒரே வேகம்தான். அப்படியானால் எங்கே பிரிகிறார்கள்?

முதலில், பலரும் சாமர்த்தியம் என்று நினைக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அலாரம் வந்ததும் ஓடிப்போய் ரீசெட் அழுத்தி மெஷினை ஓட வைப்பது. கடைசலில் சூடு தணிக்கும் கூலன்டை இறைக்கும் பம்ப் மோட்டார், அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயில் ட்ரிப் ஆகிறது, அழுத்துகிறார், ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும். மூன்றாம் முறை ரிலேயின் செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறார். ட்ரிப் நின்றுவிட்டது, சூப்பர்வைசருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் மோட்டார் வைண்டிங் கருகி ரீவைண்டிங் கடைக்குப் போகிறது. அந்த ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்குத்தான் வைக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் காவல்காரனைத் தூங்க வைத்த கதைதான். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டும் முழுச் சுமையில் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்ட் இழுக்கும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் இரும்புச் சுருள் சிக்கினாலும், பேரிங் இறுகினாலும் இழுக்கும். இடையில் ஒரு விஷயம்: ஃபில்டர் அடைத்ததால் ட்ரிப் ஆகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். இந்த வகைப் பம்பில் அது தப்பு. உறிஞ்சும் பக்கம் அடைத்தால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் மோட்டாரின் சுமையும் குறையும். ஆகவே ஃபில்டரைக் கழுவிவிட்டுத் தீர்ந்தது என்று போவதும் ரீசெட் அழுத்துவதைப் போலத்தான்.

ஆபரேட்டர் இதில் செய்யக்கூடியது சின்ன வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. ட்ரிப் ஆன நேரம், அப்போது எந்த ஜாப் ஓடியது, மோட்டார் உடம்பு கை வைக்க முடியாத சூடா, பக்கத்து மெஷினும் அதே நேரம் நின்றதா, இந்த நான்கையும் குறித்து வைத்தால் எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை முடிந்தது. பக்கத்து மெஷினும் நின்றிருந்தால் அவர் லைனைத்தான் முதலில் பார்ப்பார், பம்பைக் கழற்ற மாட்டார்.

நிற்பது கேவலம் என்ற எண்ணம்தான் ரீசெட் பழக்கத்தின் வேர். 1924-ல் ஜப்பானில் டொயோடா சகிச்சி முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியின் பெருமைகளில் ஒன்று, நூல் அறுந்தால் அது தானாக நின்றுவிடும் என்பது. சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்டோலூம்காரர்களுக்கு இது புதிதல்ல. பாவு நூல் அறுந்ததும் டிராப் பின் விழுந்து தறி நிற்காவிட்டால் துணி எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த யோசனையிலிருந்துதான் பின்னாளில் டொயோட்டா கார் கம்பெனியில் தொழிலாளியே கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் லைனையே நிறுத்தலாம் என்ற வழக்கம் வந்தது.

இனி ஆஃப்செட், அதாவது டூல் நிற்கும் இடத்தை நுணுக்கமாகத் திருத்த மெஷினில் போடும் எண். ஆபரேட்டருக்குப் பொறுப்பு என்று முதலில் கையில் வருவது இதுதான், அதிகம் கெடுவதும் இதில்தான். 30.000 மில்லிமீட்டர் வர வேண்டிய ஷாஃப்ட். ஒரு ஜாப் 30.006 வருகிறது, உடனே 6 மைக்ரான் (0.006 மில்லிமீட்டர்) குறைக்கிறார். அடுத்தது 29.991, உடனே கூட்டுகிறார். மெஷினுக்கு இயல்பாகவே ஐந்தாறு மைக்ரான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தைத் துரத்திக்கொண்டு ஒவ்வொரு ஜாப்புக்கும் திருத்தினால் சிதறல் குறையாது, கணக்குப்படி சுமார் 1.4 மடங்காகக் கூடும். அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதையே செய்து காட்டுவார். ஆகவே ஐந்து ஜாப்பை வரிசையாக அளக்க வேண்டும். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனாலோ, அது பெரும்பாலும் இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) தேய்மானம், திருத்தலாம். மேலும் கீழுமாகத் துள்ளினால் ஆஃப்செட்டில் கை வைக்காமல் இன்சர்ட் உட்காரும் இடத்தில் தூசி இருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, ஜாப்பைக் கவ்வும் ஜாவில் சிப் (கடைசல் துகள்) ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுறுசுறுப்பானவர்கள்தான் இந்தத் தப்பை அதிகம் செய்கிறார்கள். சும்மா நிற்க அவர்களுக்கு மனசு வராது.

அளக்கும் நேரமும் முக்கியம். 60 மில்லிமீட்டர் துளையுள்ள அலுமினிய ஹவுசிங், மெஷினிலிருந்து எடுத்த கையோடு அளக்கும்போது இன்ஸ்பெக்ஷன் அறையைவிட 15 டிகிரி சூடாக இருக்கிறது என்று வையுங்கள். துளை சுமார் 20 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அந்த அளவுக்கு எச் 7 டாலரன்ஸே (அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வே) மொத்தம் 30 மைக்ரான்தான். சூட்டில் "ஓகே" ஆன ஜாப் ஆறியதும் சின்னதாகி ரிஜெக்ட் ஆவது இப்படித்தான். இரும்பு ஜாப் என்றால் இதில் பாதி. ஒரு ஜாப்பைச் சூட்டில் ஒரு முறையும், கூலன்டில் நனைத்து ஆறவைத்து ஒரு முறையும் அளந்து, வித்தியாசத்தை மெஷின் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைக்கும் ஆபரேட்டரை எந்தச் செட்டரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

ஃபானுக் கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர் வகை) இன்னொரு குழி இருக்கிறது. வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்துக்கான திருத்தத்தில்) ஏற்கெனவே -0.110 இருக்கிறது, துளையை 0.02 பெரிதாக்க வேண்டும். 0.02 என்று அடித்து "+இன்புட்" அழுத்தினால் -0.090 ஆகும், சரி. வெறும் "இன்புட்" அழுத்தினால் பழைய மதிப்பு அழிந்து 0.020 ஆகிவிடும். துளை 0.13 பெரிதாகி ஜாப் குப்பைக்குப் போகும். வெளிவிட்டமாக இருந்தாலாவது பெரிதாக வந்ததை மறுபடி கடைந்து மீட்கலாம். துளையில் போனது போனதுதான். ஆகவே அழுத்தும் முன் பழைய எண்ணைக் காகிதத்தில் எழுதி, வர வேண்டிய எண்ணையும் எழுதி, அழுத்திய பிறகு ஸ்கிரீனோடு ஒப்பிட வேண்டும். பத்து விநாடி வேலை.

இப்போது கொஞ்சம் கனமான ஒரு பிரச்சினை. சுவர் மெல்லிய புஷ் (குழாய் போன்ற உருளை), மூன்று ஜா சக்கில் (ஜாப்பைக் கவ்விச் சுற்றும் பிடியில்) பிடித்து உள்துளை கடைகிறார்கள். இரண்டு முனை போர் கேஜில் (துளை அளக்கும் கருவியில்) எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் அளவு சரி. அனுப்பினால் பேரிங் ஏறவில்லை என்று பார்ட்டி திருப்பி அனுப்புகிறார். உள்ளே கேஜைக் குறை சொல்கிறார்கள், வெளியே பேரிங்கைக் குறை சொல்கிறார்கள், பழி நடுவில் இருக்கும் ஆபரேட்டர் தலையில் விழுகிறது.

நடப்பது இதுதான். ஜா பிடிக்கும் மூன்று இடத்திலும் சுவர் உள்ளே அழுந்துகிறது. அழுந்திய நிலையில் டூல் வட்டமாகக் கடைகிறது. சக்கைத் திறந்ததும் அந்த மூன்று இடமும் வெளியே துள்ளுகின்றன. துளை மூன்று மேடு மூன்று பள்ளமாக ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் வெளியே தள்ளியிருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உள்ளே வந்திருக்கும். அதனால் இரண்டு முனையில் அளக்கும் எந்தக் கருவியும் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே விட்டத்தைத்தான் காட்டும். கேஜ் பொய் சொல்லவில்லை, அந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான். கண்டுபிடிக்க வழி எளிது. சக்கைத் திறக்கும் முன் மூன்று ஜாவுக்கு நேராக ஜாப்பின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட வேண்டும். இன்ஸ்பெக்ஷனிலிருந்து மூன்று கால் போர் மைக்ரோமீட்டரை வாங்கி, கால்கள் அந்தக் கோடுகளுக்கு நேராக வரும்படி ஒரு அளவு. 60 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு அளவு. கோட்டுக்கு நேராகப் பெரிதாகவும், திருப்பியதும் சின்னதாகவும் வந்தால் ஜாப் சக்கில் நசுங்குகிறது என்று தீர்மானிக்கலாம். இரண்டு நிமிடம்.

இதுவரை ஆபரேட்டரே தனியாகச் செய்யலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதற்கு அடுத்த படி, சக் பிரஷரை (ஜா கவ்வும் அழுத்தத்தை) குறைப்பது, அவர் தனியாகச் செய்யக் கூடாதது. சக் சுற்றும்போது மையவிலக்கு விசை ஜாக்களை வெளிப்பக்கம் இழுக்கும். வேகம் கூடக்கூடப் பிடி குறையும். நிற்கும்போது கெட்டியாகத் தெரிகிற பிடி, ஓடும்போது போதாமல் ஜாப் பறந்து கண்ணாடியைத் துளைத்த பட்டறைகள் உண்டு. முரட்டுக் கடைசலை அதிகப் பிரஷரில் முடித்து, நிறுத்தித் தளர்த்தி, ஃபினிஷ் கடைசலுக்கு மட்டும் குறைப்பதா, ஸ்பிண்டில் வேகத்தையும் சேர்த்துக் குறைப்பதா, ஜாப்பைச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும் அகல ஜா போடுவதா என்பதைச் செட்டர் முடிவு செய்யட்டும். அகல ஜா போட்டால் அதை ஜாப்புக்குக் கொடுக்கும் அதே பிரஷரில் ஒரு வளையத்தைக் கடிக்க வைத்துத்தான் போர் பண்ண (உட்புறம் கடைய) வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைவலி அங்கே ஆரம்பிக்கும். ஆபரேட்டர் இரண்டு அளவையும் கோடு போட்ட ஜாப்பையும் கொண்டுபோய்க் காட்டினாலே போதும். அந்த மூன்று கோடு, பத்து வருஷ சர்வீஸ் சான்றிதழைவிட நன்றாகப் பேசும்.

சொல்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. "அண்ணா, மூணாம் நம்பர் சரியில்ல" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனால், பிரச்சினையைச் செட்டர் தலையில் இறக்கி வைத்ததாகத்தான் ஆகும். "ஏனுங்ணா, மூணாம் நம்பர்ல போர் டைட்டா வருதுங்க. அஞ்சு ஜாப் அளந்தேன், அஞ்சும் ஒரே பக்கம். இன்சர்ட் முனை திருப்பிப் போட்டும் மாறலைங்க. ஜா தேஞ்சிருக்குமோன்னு தோணுது, ஒருக்கா டயல் வெச்சுப் பார்க்கலாங்களா?" என்று கேட்டால் அவர் டயலை (ஆட்டத்தை அளக்கும் கருவியை) எடுத்துக்கொண்டுதான் வருவார். என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எது மாறவில்லை, எது சந்தேகம் என்று எல்லாம் அதில் வந்துவிட்டது. சந்தேகம் தப்பாகவே இருக்கட்டும், பரவாயில்லை.

இரவு ஷிப்டில் கேட்க ஆள் இருக்க மாட்டார். இரண்டு மணிக்கு ஒரு ஜாப் அளவு தாண்டியிருப்பது தெரிகிறது. ட்ரேயில் ஏற்கெனவே 60 ஜாப். எல்லாவற்றையும் அளக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும், ஒன்றும் பேசாமல் கலந்துவிட்டால் மொத்த லாட்டும் திரும்பி வரும். ஜாப்பை ஓடிய வரிசையிலேயே ட்ரேயில் அடுக்கும் பழக்கம் இருந்தால் வழி இருக்கிறது. 30-வது ஜாப்பை அளங்கள். அது சரி என்றால் கெட்டது அதற்குப் பின்னால், 45-வதை அளங்கள். இப்படிப் பாதி பாதியாகப் போனால் ஆறு அளவையில் எந்த ஜாப்பில் ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும். முனை உடைந்தது, ஆஃப்செட் தப்பாகப் போட்டது மாதிரி ஓர் இடத்தில் சட்டென்று மாறிய தவறுக்கு இது சரியாக வேலை செய்யும். விட்டு விட்டு வரும் தவறுக்கு ஆகாது, அதற்கு நூற்றுக்கு நூறு அளந்துதான் தீர வேண்டும். சந்தேக ஜாப் எல்லாம் சிவப்பு டப்பாவுக்கு. டப்பா மேல் ஜாப் எண்ணும் நேரமும் எழுதிய சீட்டு. காலையில் வருகிற சூப்பர்வைசருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், கூலன்ட் டேங்க் என்போம். யாருக்கும் சொந்தமில்லாத வேலை அது. வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகி, எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கலவை கெட்டியாகும், நுரை வரும், கை அரிக்கும். குறைந்ததை வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், ஜாப்போடும் சிப்போடும் எண்ணெய் வெளியே போய்ப்போய் நாளடைவில் கலவை நீர்த்து, ஜாப் துருப்பிடிக்கும், இன்சர்ட் சீக்கிரம் போகும். கலவையின் செறிவைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, வரும் எண்ணை எண்ணெய் கேனில் போட்டிருக்கும் காரணியால் பெருக்க வேண்டும். சாதாரணக் கடைசலுக்கு 5 முதல் 8 சதவீதம் வரை வைப்பார்கள். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. மாற்றிச் செய்தால் திரிந்துபோகும். உப்புப் போர்வெல் தண்ணீர் என்றால் மேலே பாலாடை மாதிரி மிதக்கும். பெரும்பாலான பட்டறையில் ஆயுத பூஜைக்குத் துடைக்கும் அன்றைக்குத்தான் டேங்கின் அடி கண்ணில் படுகிறது. வாரம் ஒரு நாள் இந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வைத்தால், மூன்று மாதத்தில் அந்த நோட்டே ஒரு சாட்சி.

நோட்டு என்றதும் கணக்கு ஞாபகம் வருகிறது. முதலாளியிடம் "அடிக்கடி நிற்குதுங்க" என்றால் காதில் விழாது. ஒரு ஷிப்டில் ஐந்து முறை, முறைக்கு 6 நிமிடம், ஆக 30 நிமிடம். இரண்டு ஷிப்டு, 25 நாள் என்றால் மாதம் 25 மணி நேரம். மெஷின் மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 10,000 ரூபாய். மூவாயிரம் ரூபாய் உதிரி பாகத்துக்கு இரண்டு மாதமாகக் கையெழுத்துப் போடாதவர் இந்தத் தாளைப் பார்த்தால் போடுவார். சம்பள உயர்வு கேட்கப் போகும்போதும் இதே தாள்தான். எத்தனை வருஷம் இருக்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குப் பதிலாக, எந்தப் பிரச்சினை எந்தத் தேதிக்குப் பிறகு திரும்ப வரவில்லை என்று ஆரம்பிக்கலாம். அதோடு, செட்டரின் வேலையில் ஒரு துண்டை, உதாரணமாகச் சாஃப்ட் ஜா (ஜாப்புக்குத் தக்கபடி கடையக்கூடிய ஜா) போர் பண்ணுவதை, அவர் முன்னால் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். மேல் வேலையைக் கொஞ்சமாவது செய்து காட்டியவரைத்தான், அந்த நாற்காலி காலியானதும் கூப்பிடுவார்கள்.

தொடக் கூடாதவை சில. கதவு ஸ்விட்ச்சில் உதிரிச் சாவியைச் செருகிக் கதவு திறந்திருக்கும்போதே ஓட்டுவது எந்த ஊரிலும் சாமர்த்தியம் அல்ல. சிப் கன்வேயர் சிக்கினால் மெயினை அணைத்துப் பூட்டாமல் கையை விடக் கூடாது. சிக்கல் விடுபட்ட அந்த நொடியில் அது தானாக நகரும். பேட்டரி அலாரம் வந்தால், சின்ன பேட்டரிதானே என்று மெஷினை அணைத்துவிட்டு மாற்றிவிடாதீர்கள். அச்சுகள் நிற்கும் இடத்தை நினைவில் வைக்கும் என்கோடர் பேட்டரியை மெஷினில் பவர் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அச்சுகளின் ரெஃபரன்ஸ் போய்விடும், சர்வீஸ் ஆள் வரும்வரை மெஷின் படுத்துவிடும். பவர் இருக்கும் பேனலைத் திறப்பது பராமரிப்புக்காரர் வேலை. ஆக இதில் ஆபரேட்டர் செய்ய வேண்டியது, அலாரம் வந்த அன்றைக்கே எழுதிக் கொடுப்பது.

கடைசியாக முதலாளிமார்களுக்கு. "நம்ம பசங்க யாரும் சொந்தமா யோசிக்கறதில்ல" என்று தொழில் கூட்டங்களில் குறைப்படுகிறீர்கள். ரிஜெக்ட் ஆன ஜாப்புக்குச் சம்பளத்தில் பிடித்தால் யார் சிவப்பு டப்பாவில் போடுவார்கள்? நல்ல ஜாப்போடு கலந்துவிடத்தான் பார்ப்பார்கள். காரணம் சொல்ல வாய்ப்புத் தராமல் நஷ்டத்தைக் கூலியில் பிடிக்கச் சட்டமும் இடம் தரவில்லை. பிடிப்பதை நிறுத்துங்கள், டப்பா தானாக நிரம்பும். முதல் மாதம் ரிஜெக்ஷன் கூடியது போலத் தெரியும், பயப்பட வேண்டாம், அது முன்பு வாடிக்கையாளர் வீட்டில் இருந்த ரிஜெக்ஷன். அடுத்து, எல்லை எது என்பதை எழுதிப் போடுங்கள். வேர் ஆஃப்செட்டை ஒரு தடவைக்கு 0.02 வரை ஆபரேட்டரே திருத்தலாம், அதற்கு மேல் என்றால் திருத்திவிட்டுச் செட்டரிடம் சொல்ல வேண்டும்; இன்சர்ட் முனையைக் குறித்த ஜாப் எண்ணிக்கைக்கு முன்பே மாற்றலாம், நோட்டில் எழுத வேண்டும்; சக் பிரஷர், புரோகிராம், பாராமீட்டர், ரிலே எதையும் கேட்காமல் தொடக் கூடாது; அளவு சந்தேகம் என்றால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம், நிறுத்தியதற்கு யாரும் திட்ட மாட்டார்கள். எண்களை உங்கள் ஜாப்புக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாதி ஷிப்டு வடநாட்டுப் பிள்ளைகள் என்பதால் தமிழிலும் இந்தியிலும் எழுத வேண்டும். கன்ட்ரோல் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கூலன்ட் தெறித்து ஒரு வாரத்தில் அழிந்துவிடும், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டுவது நல்லது.

இப்படிக்கு,
சிஎன்சி பயிற்றுநர்கள் சிலர்,
கணபதி, கோவை.